ஏனையவை

குரோமுக்கு எண்பத்தொன்று.
சஃபாரிக்குப் பதினொன்று.
சாம்சங்கோடு கூடவே வந்த உலாவிக்கு ஆறே கால்.
மிச்சம் ஒன்றே முக்கால்,
சாம்பல் நிறம்,
வட்ட வரைபடத்தில் ஒரு தலைமயிர்க் கீறல்.

கொள்ளுப்பிட்டி, ஐந்தாம் மாடி.
இரண்டு விளம்பரப் பலகைகளுக்கிடையில்
நான்கு விரலகலம் கடல்.
"இதை வெட்டினால் சோதிக்கிற வேலை பாதியாகும்"
என்கிறார் திலங்க.
பிழையில்லை. கணக்கு அவர் பக்கம்.

நாங்கள் விற்பது இரவு பஸ் இருக்கைகள்.
வெள்ளவத்தையில் ஏறினால்
விடிய மன்னார், மூதூர், பருத்தித்துறை.
ஒன்றே முக்கால் என்பது போன மாதம்
அறுநூற்று முப்பது பேர்.
அடுக்கினால் பதினான்கு பஸ்,
சாரதிகளைச் சேர்க்காமல்.

பதிவேட்டைத் திறந்தேன். யாரும் கேட்கவில்லை.
ஒபெரா மினி, பழைய பதிப்பு, படங்கள் அணைத்தபடி:
டேட்டாவை மிச்சம் பிடிக்கிற கை.
இரவு ஒன்று பன்னிரண்டுக்கு
பதினேழாம் இருக்கையைத் தொடுகிறது.
பணம் கட்டும் பொத்தானோ அந்த உலாவியில்
திரைக்கு வெளியே விழுந்து கிடக்கிறது.
மறுபடி பதினேழு. மறுபடி.
ஒன்பது தடவை.
ஒன்று முப்பத்தொன்றுக்குப் பிறகு எதுவுமில்லை.
கல்யாணமா செத்தவீடா
என்பதற்கு அங்கே நிரல் கிடையாது.

அறிக்கை மும்மொழியிலும் போகவேண்டும்.
தமிழ்ப் பக்கம் என் தலையில்.
எனக்கு முன்பிருந்த பெனடிக்ற்
'ஏனையவை' என்று போட்டு வைத்திருந்தார்.
சரிதான். உலாவிகள் அஃறிணை.
எந்தப் பண்டிதரும் குறை சொல்லமாட்டார்.
வெகுநேரம் அந்த வையின் வயிற்றருகே
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
அழித்துவிட்டு
'ஏனையோர்' என்று அடித்தேன்.
ஓர் ஓகாரம், ஒரு ரகர ஒற்று.
என்னால் முடிந்த சம்பளமில்லாத வேலை.

கூட்டத்தில் தமிழ்ப் பக்கத்தை ஒருவரும் புரட்டவில்லை.
ஒன்றாந் திகதியிலிருந்து வெட்டு.
தேநீர் வந்தது, கட்லட்டும் வந்தது.
நானும் இரண்டு சாப்பிட்டேன்.

திரும்பும்போது நூறாம் இலக்க பஸ்ஸில்
முன்னால் இருந்தவரின் கைபேசியில்
ஏதோ ஒரு பக்கம் திறக்காமல்
வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.
எட்டிப் பார்த்தேன், எந்த உலாவி என்று.
அவர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்து
திரையை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டார்.
பம்பலப்பிட்டி தாண்டியும்
அவரை எந்த நிறத்தில் சேர்ப்பது என்றே
யோசித்துக்கொண்டிருந்தேன்.