பட்டவை

குவோப்பியோ, செப்டம்பர் கடைசி.
கொட்டகைக்குள் பதின்மூன்று பேர்,
இரண்டு ஃபிளாஸ்க் காப்பி,
பேச ஒரே ஒரு விஷயம்:
பதினான்காம் எண் மனையை என்ன செய்வது.

அது மாதிரித் தோட்டம்.
எதை எப்போது நடுவது, எப்படிக் கவாத்து செய்வது
என்று ஊருக்குச் சொல்ல
தொண்ணூற்றெட்டில் சங்கம் போட்டது.
பெயர்ப்பலகை மட்டும் நூற்றுப் பத்து.
எல்லாம் ஹில்க்காவின் கையெழுத்து.
ஒரு பிழை கிடையாது.
ஓர் ஆளும் கிடையாது.

நான் செயலாளர். வருகைப் பதிவேட்டை வாசித்தேன்.
மே முதல் இன்றுவரை ஏழு வருகை.
அதில் நான்கு நான்.
ஒருவர் கழிப்பறை எங்கே என்று
கேட்டு எழுதியிருந்தார்.

சரளை கொட்டிவிடலாம் என்றார் தௌனோ,
ட்ரெய்லர் நிறுத்த இடமில்லாமல் திண்டாடுகிறோம்.
ரைலி தேனீப் பெட்டி என்றார்.
ஓஸ்மோ சவுனா என்றான்.
இந்த ஊரில் எந்தக் கேள்விக்கும்
யாராவது ஒருவர் சவுனா என்பார்,
அதனால் அதை நான் குறிப்பில் ஏற்றுவதில்லை.
ஹில்க்கா வாய் திறக்கவில்லை.
கோப்பை விளிம்பில்
இல்லாத ஒரு கறையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பதிவேட்டை மூடப்போகும்போதுதான் பார்த்தேன்.
பின்னட்டையின் உட்புறம், பென்சிலில், பெயரில்லாமல்:

“என் பிளம் மரத்தில் பட்டை வெடித்திருக்கிறது, தரையிலிருந்து முழங்கால் உயரம்.
இங்கே நிற்கும் பிளம் நன்றாக இருக்கிறது.
என்னுடையது மட்டும் ஏன்?”

அதற்குக் கீழே, ஜூன் தேதியில், அதே கை:

“பரவாயில்லை. வெட்டிவிட்டேன்.”

உரக்கத்தான் வாசித்தேன்.
ஏன் உரக்க என்று தெரியவில்லை.

கோப்பையைப் பார்த்தபடியே ஹில்க்கா சொன்னார்:
“இங்கே நிற்பது மூன்றாவது பிளம்.
முதல் இரண்டும் அதே குழியில் பட்டுப்போயின.
பலகையை மாற்றவில்லை.
அதனால் யாருக்கும் தெரியாது.”

யாரோ சிரித்தார்கள். பிறகு மடை திறந்தது.
முளைக்காத கேரட், மூன்று வருட விதை,
வயல் எலி வேரைத் தின்று
கொம்பு மட்டும் மண்ணில் செருகியதுபோல் நின்ற ஆப்பிள்,
அதற்கு ஒரு மாதம் தண்ணீர் ஊற்றியவர்.
இத்தனை வருடம்
வேலிக்கு வேலி தக்காளியைத்தான் காட்டியிருக்கிறோம்.

தீர்மானம்: பலகைகளைத் திருப்புவது.
பின்புறத்தில் அவரவர் பட்டதை எழுதுவது.
ஆதரவு ஒன்பது, எதிர்ப்பு மூன்று,
ஒருவர் தூங்கிவிட்டார்.
தௌனோ எதிர்த்தார். சரளை விலை குறைந்திருக்கிறதாம்.

அக்டோபர் முழுக்க எழுதினோம்.

‘செர்ரி. நான்கு குளிர்காலம் தாங்கியது. ஐந்தாவதில் முயல்.’
‘பூசணி. அளவுக்கு மீறிய அன்பு, அதாவது உரம்.’
‘ஆஸ்பராகஸ். மூன்று வருடம் பொறுக்கச் சொன்னார்கள்.
இரண்டரையில் தோண்டிப் பார்த்தேன்.’
ஹில்க்காவின் பலகையில்,
அதே பிழையற்ற எழுத்தில்:
‘பிளம், 1999. பிளம், 2006.
முதலாவதற்குக் காரணம் தெரியாது.
இரண்டாவதற்குத் தெரியும், சொல்ல வெட்கம்.’

பின்னட்டையில், அந்தப் பென்சில் வரிகளின் கீழ்
நான் பதில் எழுதினேன்:
மார்ச் வெயில். பகலில் இளகும் பட்டை
இரவில் உறைந்து வெடிக்கிறது.
இலையுதிரும்போதே தண்டுக்கு வெள்ளை பூசுங்கள்.
அடுத்த மரத்துக்கு.

கூட்டம் அலைமோதவில்லை.
ஏழு வருகை இருபத்தொன்றானது,
அதில் ஆறு நான்.
ஆனால் ஒரு பெண், தள்ளுவண்டியில் குழந்தை,
ஆலங்கட்டி தூறலில்
ஆஸ்பராகஸ் முன்னால் நின்று
தனியாகச் சிரித்ததைப் பார்த்தேன்.

நவம்பரில், முதல் பனிக்கு முந்தின நாள்,
தௌனோ வந்தார்.
ட்ரெய்லரிலிருந்து ஒரு பலகையை இறக்கி,
யாரையும் பார்க்காமல் அடித்து நட்டுவிட்டுப் போனார்.

‘பேரி. என் தவறு இல்லை.’

மறுநாள் காலை பனியில் ஒரே ஆளின் காலடி,
வந்ததும் திரும்பியதும்.
பலகையில்
‘இல்லை’யை அடித்திருந்தார்.