உருகுநிலை முப்பத்தெட்டு

அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள்
நாகமலை அடிவாரத்து ஆய்வகத்தில்
ஐஸ் இல்லை.
தல்லாகுளத்திலிருந்து கோரிப்பாளையம் வரை
நீர்மோர்ப் பந்தல்கள் வாங்கித் தீர்த்துவிட்டன.

அலுமினியம் குளோரைடுக்கு அதெல்லாம் தெரியாது.
மூடி திறந்த நொடியே
காற்றின் ஈரத்தைக் குடித்துப் புகையும்.
போன ஐப்பசியில் ஒரு பாட்டில் முழுக்கக்
கட்டிதட்டிப் போய்
மூன்று வாரம் எதுவும் வினைபுரியவில்லை.
பழி என் மேல்.

இருளப்பன் டிவிஎஸ் ஐம்பதில் போய்க்
கரிமேடு மீன் மார்க்கெட்டில்
சாக்கில் சுற்றி அரைப் பாளம் வாங்கிவந்தார்.
கூடவே ஒரு நெத்திலியும் வந்தது.

மேலிருந்து சொட்டுச் சொட்டாக
சோம்பு வாசமடிக்கும் அனிசோல்.
கீழே குடுவையில்
வெற்றிலை எச்சில் நிறம் ஏறிக்கொண்டே போகிறது.
மெத்தாக்சிக்குப் பக்கத்து சீட் காலிதான்.
ஆனாலும் அசிட்டைல்
வளையத்தைச் சுற்றி நடந்து
நேர் எதிரே போய் உட்காருகிறது.

வினையூக்கி என்றால்
வேலை முடிந்ததும் விலகி நிற்பது என்று எழுதிப்
பள்ளியில் மார்க் வாங்கியிருக்கிறேன்.
இது விலகாது.
பிறந்த கீட்டோனின் ஆக்சிஜனைப்
பிடித்த பிடி விடாது.
அதனால்தான் ஒன்றுக்கு ஒன்றேகால் போடுகிறோம்.
பிரிக்க ஒரே வழி, ஐஸில் கொட்டுவது.

கொட்டினேன். சீறியது.
அமிலப் புகையும் மீன் கவுச்சியும் சேர்ந்து
யாரும் இதுவரை பெயர் வைக்காத வாசம்.
ஷர்மிளா ஜன்னலைத் திறந்துகொண்டே வைதாள்.

கழுவி, உலர்த்தி, கரைப்பானை விரட்டிக்
குளிரவைத்துக்
கண்ணாடிக் குச்சியால் உள்சுவரைச் சுரண்டினேன்.
வா.
வரவில்லை.
வாயேன்.
ஒரு மூலையில் சட்டென்று வெள்ளை,
கண் இமைப்பதற்குள் குடுவை முழுக்க வெள்ளை.

எழுபத்தொரு சதவீதம்.
வாட்ச் கிளாஸில் பரப்பிவிட்டுச்
சாப்பிடப் போனேன். தயிர்சாதம், மாவடு.
கரண்ட் போயிருந்தது.

திரும்பி வந்தால்
வாட்ச் கிளாஸில் ஒரு குட்டை எண்ணெய்.
சுவர் வெப்பமானியில் நாற்பது.
இருளப்பன் எட்டிப் பார்த்தார்:
"என்னம்மா, அழுதுருச்சா?"

உருகுநிலை எவ்வளவு என்று மேடம் கேட்டார்.
கருவியில் வைத்துப் பார்க்கவில்லை, மேடம்.
மதுரையில் வைத்துப் பார்த்தேன்.

நோட்டில் எழுதினேன்:
மார்கழியில் படிகம், சித்திரையில் திரவம்.
நெத்திலியைப் பற்றி எழுதவில்லை.