அம்புக்குறி

ராக்கியண்ணன் எஸ்டிமேட்டை
சிமெண்டுக் கம்பெனி காலண்டரின் பின்பக்கம் எழுதினார்.
குளியலறைத் தரை, சுவர், பழைய டைல்ஸ் உடைப்பு,
ஓதம் ஏறின சமையல்கட்டுச் சுவர்.
கூட்டிக் கீழே இரண்டு கோடு இழுத்தார்:
எழுபத்தெட்டாயிரம்.

அவர் வண்டி மங்கலம் ரோட்டில் திரும்பும்வரை
பொறுத்திருந்து சென்னியப்பன் சொன்னார்:
"இருவது வருசமாத் துணி வெட்டறேன்.
நாப்பது லேயர் ஒண்ணு மேல ஒண்ணு போட்டு
நூல் பிசகாம வெட்டறவனுக்கு
ஒரடிக் கல்லு ஒரு சங்கதியா?"

நானும் கணக்குப் போட்டேன்.
போனஸ் ரெண்டு பேருக்கும் சேர்த்து நாற்பத்தொன்று.
மீதிக்குச் சீட்டைத் தள்ளித்தான் எடுக்கணும்.
"செரிங்க" என்றேன்.

நாலு ஞாயிறு.
செல்போனில் ஒருத்தன் இந்தியில் பேசிக்கொண்டே
மூன்று நிமிடத்தில் ஒரு பாத்ரூமை முடித்தான்.
கட்டர் வாடகை நாளுக்கு முந்நூறு,
ரசமட்டம் பக்கத்து லைனில் இரவல்.
நான் கலவை குழைத்தேன். தோசை மாவுப் பதம் என்றார்.
காலை மாவா, புளித்துப் பொங்கின சாயங்கால மாவா
என்று கேட்டதற்குப் பதில் இல்லை.
மாடிப்படிக்கு அடியில் சேலையைக் கட்டி
அதற்குள் குளித்தோம்.

துணி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.
பிசகினதை ஓவர்லாக்காரி இழுத்துப் பிடித்துத் தைத்துவிடுவாள்,
மீதியை அயர்ன் பார்த்துக்கொள்ளும்.
கல்லுக்கு அந்தத் தயவு கிடையாது.
கொத்துவேலையிலும் அளவுக்குப் பேர் நூல்தான்.
மூன்றாம் வரிசையில் பிசகின ஒரு நூல்
எட்டாம் வரிசையில் என் சுண்டுவிரல் நுழையும் சந்து.

முதல் வாளி ஊற்றினோம்.
தண்ணீர் சல்லடையைப் பார்த்தது,
கொஞ்சம் யோசித்தது,
கதவுப் பக்கம் நடந்து வந்து எங்கள் காலில் நின்றது.
நான் சிரித்துவிட்டேன்.
சிரித்திருக்கக் கூடாது.
ரெண்டு நாள் பேச்சில்லை.

என் வேலை செக்கிங்.
ட்யூப்லைட்டுக்கு அடியில் பீஸ் பீஸாக விரித்து
ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்,
பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டுவது.
அவர் தூங்கினதும்
கைப்பையில் கிடந்த ஸ்டிக்கர் தாளோடும்
ஐந்து ரூபாய்க் காசோடும் உள்ளே போனேன்.
கல்லுக்குக் கீழே காற்றிருந்தால்
காலிக்குடம் மாதிரி வாய் திறக்கும்.
நிறைந்திருந்தால் ஒரு சொல், அவ்வளவுதான்.
எண்பத்தாறில் எழுபத்தேழுக்கு அம்பு விழுந்தது.
தரையில் ஒன்றுகூடத் தேறவில்லை.

"உடைக்கறதுக்குத் தனிக் கூலிங்க" என்றார் ராக்கியண்ணன்.
எண்பத்தாறாயிரம் ஆயிற்று, கல்லுக்கு ஆயிரம் மாதிரி.
பிறகு சுவரைப் பார்த்தார்.
"இந்த அம்பு யாருங்க போட்டது?"
சென்னியப்பன் என்னைத்தான் பார்த்தார்.
"கம்பெனிப் பழக்கங்க" என்றேன், தரையைப் பார்த்து.
சுத்தியல் காம்பால் ஒவ்வொன்றாகத் தட்டினார்.
அம்பில்லாத ஒன்பது, கதவுக்குப் பின்னால் அடிவரிசை,
அங்கே குனிந்து இரண்டு தரம் தட்டினார்.
"இது இருக்கட்டும்."

முடிவெடுத்தோம் என்று சொல்ல மாட்டேன்.
ஒன்பதாயிரம் தள்ளிச் சீட்டு எடுத்தோம்.

ஆறாம் நாள் தண்ணீர்
ஷிப்ட் முடிந்த ஆள் மாதிரி
திரும்பிப் பார்க்காமல் சல்லடைக்குள் இறங்கியது.
கடைசித் தவணை பத்தாயிரம் என் கையில்.
ராக்கியண்ணன் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.
"ஒரு நிமிசம் இருங்க" என்று
காசோடு உள்ளே போனேன்.

வெளியே சித்தாளிடம் சென்னியப்பன் சொல்வது கேட்டது:
"கதவுக்குப் பொறகால ஒம்பது கல்லு,
அது நான் போட்டதாக்கும்."

உப்புத்தண்ணிக் குழாய்க்கு இடதுபக்கம்
ஒரே ஒரு கல் வாய் திறந்தது.
தாளில் ஒரு அம்புதான் மிச்சம்.
நகத்தால் பிரித்தேன்.