ஏழாம் புள்ளி

தலவாக்கலையில், பார்மசிக்கு மேல்மாடியில்,
மழைக்கு ஊதித் திறக்க மறுக்கும் ஜன்னலோரம்
எனக்கொரு கடல் இருக்கிறது.
ஆறு வரி அகலம்.

கொட்டியாரக் குடாவில் நிஸ்தார் நானா
விடியமுன் படகை நிறுத்தும் ஆறு இடங்கள்.
வாளியில் நீர் மொண்டு, சூடு பார்த்து, உப்புப் பார்த்து
தாளைப் படமெடுத்து அனுப்புவார்.
நான் கணினியில் ஏற்றுவேன். தாளுக்கு நாற்பது ரூபாய்.

அவருடைய ஒன்றும் ஏழும் ஒரே கை.
இருபத்தேழு பாகை இருபத்தொன்றாகி
ஒரு கணம் எனக்கே குளிரும்.
பெரிதாக்கிப் பார்த்தால் ஏழின் குறுக்கே
செதில் ஒட்டினாற்போல் ஒரு கீறல்.

ஆடியில் எங்கள் தலையில் எல்லா மழையையும் கொட்டிவிட்டு
வெறுங்கையோடு மலையிறங்கும் காற்று
அங்கே போய்க் கச்சான் என்று பெயர் சொல்லிக்கொள்கிறது.
இங்கே கொழுந்துச் சாக்கு சொட்டும் நாளில்
அங்கே அவர் உதடு வெடித்திருக்கும்.
தாளின் ஓரத்தில் எழுதுவார்:
சொறிமுட்டை கூட.
வலை சும்மா.
கீரி மேல வருது, அல்ஹம்துலில்லாஹ்.
அதற்கெல்லாம் கட்டம் இல்லை என்றார்கள் கொழும்பில்.
இலக்கம் போதுமாம்.

கார்த்திகை மூன்றாம் கிழமை, நடுச்சாமம்,
அணைக்கட்டுச் சைரன் மூன்று தரம் கூவிற்று.
மச்சான் தொரைசிங்கம் டோர்ச்சோடு ஓடினான்.
விடிந்து எண்ணினால்
பன்னிரண்டு லீக்ஸ் பாத்தியில் ஐந்து மிச்சம்.
உரக்கடைக் கடனை மட்டும்
மழை தொடவில்லை.

எத்தனை நாள் கழித்தோ வந்த தாளில்
உப்பு முப்பத்திரண்டு, முப்பத்தொன்று, முப்பது,
நாலாம் புள்ளியில் பதினாறு,
ஐந்தில் பதினொன்று.
பிழை என்று சிவப்புப் பூசினேன்.
கருவியைக் கழுவாமல் விட்டிருப்பார்.
கேட்டுவிடுவோமென்று எடுத்தேன்.

"பிழையில்ல தங்கச்சி, நாக்கிலயும் வெச்சுப் பாத்தன்.
கங்கை வாயத் தொறந்திருக்கு. தேத்தண்ணி நிறம்.
உங்கட பக்கத்துத் தண்ணிதான்."
பின்னால் எஞ்சின் இருமியது.
"கலங்கலுக்கு இறால் வரும், நெத்தலி ஓடிரும். பாப்பம்."

பாலத்துக்கடியில் ஓடுவது எங்கே சேருமென்று
எட்டாம் வகுப்பில் சரியாகத்தான் எழுதினேன்.
ஒரு புள்ளி போட்டார்கள்.
அதற்குப் பிறகு அதை நினைத்ததே இல்லை.

சிவப்பை அழித்தேன்.
தொரைசிங்கத்திடம் சொல்லவில்லை,
அவனுடைய ஏழு பாத்தியும் இப்போது
மூதூர்ப் பக்கம் இறாலுக்குச் சோறு என்று.
சிரிப்பானோ, சட்டியைத் தூக்கி அடிப்பானோ.

இப்போதெல்லாம் நானாதான் முதலில் எடுக்கிறார்,
நாலரைக்கு.
"சைரன் கேட்டதா?"
போர்வையை விலக்கிக் காது கொடுத்துவிட்டுச் சொல்கிறேன்.
ஆறாம் வரிக்குக் கீழே நானாக ஒன்று சேர்த்தேன்:

புள்ளி ஏழு. ஆழம் இல்லை. உப்பு இல்லை.
இரவு முழுக்க அடைமழை. கதவு இரண்டு திறப்பு.
ஆறு கறுப்பு.

நேற்று கொழும்பிலிருந்து கேட்டிருக்கிறார்கள்,
ஏழாவது எந்த இடம்,
குடாவின் வரைபடத்தில் காணவில்லையே என்று.
பதில் எழுத உட்கார்ந்தேன்.
கரண்ட் போயிற்று.
கீழே பார்மசிக்காரர் ஷட்டரை இறக்குகிற சத்தம்,
அதற்கும் கீழே தண்ணீர்.