செவ்வாயும் வெள்ளியும்

எங்கள் வரிசைக்குத் தண்ணீர் செவ்வாய், வெள்ளி.
விடியற்காலை ஐந்திலிருந்து ஆறரை வரை.
மலைப்பனி உருகி வரும் வாய்க்காலில்
என் மடையைத் திறந்தால் அடுத்தவர் மடை காயும்.
அதனால் கடிகாரம் பீப்பாயின் மேலேயே இருக்கிறது.

அல்மாத்திக்கு மேலே அறுநூறு சதுர மீட்டர்,
ஒரு தகரக் கொட்டகை, இரண்டு ஆப்பிள் மரம்.
எட்டு மணிக்கு வார்டில் நிற்க வேண்டும்.
மருத்துவமனைச் செருப்பு பையில் இருக்கும்,
சேறு நகக்கண்ணில் இருக்கும்.

வந்த தண்ணீரை வந்தபடி விடுவதில்லை.
பனி அதற்குள் இன்னும் விழித்திருக்கும்,
வேர் வெடவெடத்துப்போகும்.
பீப்பாயில் பிடித்து, ஒரு பகல் வெயில் காட்டி,
முழங்கையை விட்டுப் பார்த்து,
கைக்குழந்தைக்கு ஊற்றுகிற பதம் வந்தபின்
அடியில் ஊற்றுவேன். இலையில் அல்ல.
நனைந்த இலையில் ஓர் இரவு தங்கினால் போதும்,
பூஞ்சணம் குடிவந்துவிடும்.

அதற்கும் முன்னால் விரலை விட வேண்டும்.
இரண்டாம் கணு வரை.
ஈரம் தட்டினால் குவளையைக் கீழே வை.
எனக்குத் தெரிந்த வித்தை இவ்வளவுதான்.

பக்கத்துத் தோட்டத்து விக்தருக்கு மனசு கேட்காது.
வாய்க்கால் முறை போதாதென்று
சொந்தமாகக் குழாய்க்கிணறு போட்டவர்.
நடுப்பகலில் தக்காளி தலை தொங்கினால்
"ஐயோ, தாகம்" என்று குழாயை இழுத்துக்கொண்டு ஓடுவார்.
நடுப்பகலில் எல்லாம்தான் தொங்கும், விக்தர்.
நானும்தான்.
சாயங்காலம் பாருங்கள். அப்போதும் நிமிராவிட்டால் பேசுவோம்.

ஜூலைக் கடைசியில் நிமிரவில்லை.
அடியிலை மஞ்சள்.
தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் வழவழப்பு.
அவர் இன்னும் ஊற்றினார்.
ஒன்றைப் பிடுங்கிக் காட்டினேன்:
ஊறிய நூல்போல் பழுப்பு வேர்,
தொட்டதும் உரிந்து வந்தது. நாற்றம்.
தவித்துச் சாவதும் மூழ்கிச் சாவதும்
மேலே பார்க்க ஒரே வாட்டம்.

இதை நான் தோட்டத்தில் கற்கவில்லை.
மூன்றாம் மாடி டயாலிசிஸ் வார்டில்
துர்சின்பெக்கின் கணுக்காலை அழுத்திக் கற்றேன்.
விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நிற்கும்.
நாளைக்கு முக்கால் லிட்டர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.
சூப்பும் அதில் சேர்த்தி, தேநீரும் அதில் சேர்த்தி.
அவர் மனைவி பிரியம் தாளாமல்
ஃபிளாஸ்க்கை ஸ்வெட்டருக்குள் ஒளித்து வருவாள்.
திங்கட்கிழமைத் தராசு காட்டிக்கொடுத்துவிடும்.

விக்தர் பேசாமல் குழாயைச் சுருட்டினார்.
அந்த ஞாயிறு, வெட்டிக் காயவைத்த புல்லை
நாலு விரற்கடை உயரம் மூடாக்காகப் போட்டோம்,
என் பாத்திக்கும் அவர் பாத்திக்கும்.
தண்டைத் தொடாமல், கழுத்துக்கு இடம் விட்டு.
பன்னிரண்டில் ஐந்து பிழைத்தன.
(வெள்ளரிக்கு இந்தக் கண்டிப்பெல்லாம் ஆகாது.
நாலு நாள் காயப்போட்டுப் பாருங்கள்,
கசப்பைக் காம்பில் வைத்துக்கொண்டு காத்திருக்கும்.)

ஆகஸ்டில் துர்சின்பெக் கேட்டார்:
"ஸவுரேஷ், உன் தோட்டத்துத் தக்காளி, ஒன்றே ஒன்று?"
அதன் நீர்கூடப் பெரிதில்லை.
அதிலுள்ள பொட்டாசியம் அவர் இதயத்துக்கு ஆகாது.
கூடாது என்றேன்.
சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மடையை அடைத்துவிட்டு
இலைக்கணுவில் முளைத்த பக்கக் கிளைகளைக் கிள்ளினேன்.
அவை பழம் தராது, பழத்துக்குப் போவதைத் தின்னும்.
ஒன்றை மட்டும் எறியாமல்
மருந்து உறையில் போட்டு எடுத்துப் போனேன்.

வார்டுக்கு வெளியே, பெஞ்சில், ஊசிக்கு முன்னால்
அவர் அதைக் கசக்கினார்.
விரல்கள் பச்சையாகி, பிறகு மஞ்சளாகின.
வெகுநேரம் முகர்ந்தார்.
"இதற்கு வாரம் எத்தனை நாள் தண்ணீர்?"
இரண்டு, என்றேன்.
"அதற்கு ஊற்ற இரண்டு நாள்,
எனக்கு எடுக்க மூன்று நாளா!"
என்று சிரித்துக்கொண்டே,
கசங்கிய கிளையைச் சட்டைப் பையில் செருகி
தராசில் ஏறினார்.