முப்பத்தாறு கார் நிறுத்தங்கள்

கார்வெல் நகர்மன்றம். ஆளுக்கு மூன்று நிமிடம்.
எனக்கு முன்னால் ஒருவர் கோழிக்கூண்டு பற்றி
நான்கரை நிமிடம் பேசினார். யாரும் மணியடிக்கவில்லை.

அடிலெய்டிலிருந்து கோதுமை வயல்களூடே
கோப்புகளோடு வந்தவள் நான். சொன்னேன்:
உங்கள் விதிப் புத்தகத்தில் எங்களுக்கென்று ஒரு வரி இல்லை.
ஒரு பக்கத்தில் விடுதி என்கிறீர்கள்,
மறுபக்கத்தில் வணிகம் என்கிறீர்கள்.
லாபம் பார்க்காத ஒரு திருச்சபை
முதியோருக்கு எழுபத்திரண்டு படுக்கை போட நினைத்தால்
முப்பத்தாறு கார் நிறுத்தம் கேட்கிறீர்கள்.
எழுந்து உட்கார முடியாதவர்கள்
எங்கே ஓட்டிப் போவார்கள்?

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
உறுப்பினர் ட்ரெஜென்சா சிரிக்கவில்லை.
மூன்றாம் மாடியின் நிழல்
பக்கத்து வீட்டு எலுமிச்சை மரத்தின் மேல்
ஜூன் மாதம் எத்தனை மணிவரை விழும் என்றார்.
பதினொன்றே கால் என்றேன்.
அதற்கு வரைபடம் உண்டு. வண்ணம் தீட்டியது.

காத்திருப்போர் பட்டியலுக்கு வரைபடம் இல்லை.
போதகர் லெய்ஷ்கே அதைப்
பாட்டுப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருக்கிறார்.
பிப்ரவரி விசாரணையன்று நாற்பத்தொரு பெயர்.
இன்று முப்பத்தேழு.
குறைந்திருக்கிறதே, நல்லதுதானே
என்றார் தலைவர்.

நான் வாய் திறந்தேன்.
மணி அடித்தது.

முடிவு ஆகஸ்டுக்குத் தள்ளிவைப்பு.

வெளியே தூறல். என் கார்க் கண்ணாடியில்
ஈரமாய் ஒட்டிக்கிடந்தது அபராதச் சீட்டு:
அனுமதித்த நேரத்துக்கு மேல் இருந்தமைக்கு.
அறுபத்திரண்டு டாலர்.
போதகர் பாதி தருகிறேன் என்றார்.