இரண்டு செப்புக் குடங்களுக்கான பற்றுச்சீட்டு

பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.
சுவடிகள் திணைக்களத்தில் பென்சிலுக்கு மட்டும் அனுமதி.
மை என்றால் பயம் அவர்களுக்கு,
உள்ளே இருப்பதெல்லாம் மையாக இருந்தும்.

கொட்டாஞ்சேனையில் எங்களை அரும்பி வீட்டார் என்பார்கள்.
அரும்பு, மொட்டு, பூ என்று
பள்ளியில் என்னைப் பகிடி பண்ணியதுண்டு.
நல்ல தமிழ்ப் பெயர் என்று ஒரு வாத்தியார் மெச்சியதும் உண்டு.
அப்பாவின் மரணச் சான்றிதழில் ஓர் எழுத்து,
பிறப்புச் சான்றிதழில் வேறோர் எழுத்து.
வங்கிக்காரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து
"இது ஒரே ஆள்தானா?" என்றாள்.
அங்கே தொடங்கியது.

ஜெறோம் குறொய்டனில் இருந்து எடுத்தான்.
அவனுடைய விசா முடிந்து பதினாலு மாதம்.
"வெள்ளைக்காரன் ஒருத்தன் இருந்தானாமே, தேடு,
ஒரு கடதாசி கிடைத்தாலும் உதவும்."
பாட்டன் வரைக்கும்தான் அவர்கள் கணக்கு,
இது ஏழு தலைமுறை என்றேன்.
"பரவாயில்லை, தேடு."

முதலில் அகப்பட்டது அவனுடைய கடன்.
தோபியாஸ் ஹார்ன்பி, பீப்பாய் செய்பவன்,
ஆயிரத்து எண்ணூற்று மூன்றாம் வருடம்
புறக்கோட்டைச் சாராயக் கிட்டங்கிக்கு
எண்பது இறைசால் பாக்கி.
சம்பள ஏட்டில் ஓர்ன்பி.
காய்ச்சல்காரர் ஏட்டில் ஆரன்பை.
பல்லக்குத் தூக்கி ஒருவனை அடித்ததற்குக்
குற்றப்பணம் ஐந்து, அங்கே அரம்பி.
அடி வாங்கியவனுக்குப் பெயர் எழுதவில்லை.
கப்பல் ஏட்டில் வயது பத்தொன்பது,
உயரம் ஐந்தடி மூன்று,
இடது கையில் ஒரு விரல் குறைவு.
நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன்.
பைத்தியம்,
குறைந்த விரல் வழிவழியாக வருமா?

ஒவ்வொரு எழுத்தனும்
தன் காதுக்கு எட்டியபடி எழுதியிருக்கிறான்.
கடைசியில் கொட்டாஞ்சேனையின் காது
அவனை அரும்ப வைத்துவிட்டது.

ஞானஸ்நானப் பதிவில் மூன்று பிள்ளைகள்.
தாய்: மலபார்ப் பெண்.
தமிழச்சிக்கு அந்தக் காலத்து அவர்களுடைய சொல்.
மூன்று தடவையும் அதேதான்.
ஒருத்தியா மூவரா என்றுகூடத் தெரியவில்லை.

நான்காம் நாள், மூடப் பத்து நிமிடம் இருக்க,
நயோமி விஜேகோன் ஒரு கட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.
இறந்தவன் சொத்து.
கட்டில், வாய்ச்சி இரண்டு, கிழிந்த சட்டைகள்
ஏலத்தில் போயின.
செப்புக் குடம் இரண்டு ஒரு பெண்ணிடம் போயின.
அட்டவணையில் அந்தத் தாளுக்கு நேரே
ஆங்கிலத்தில் யாரோ:
குறி, வாசிக்க முடியாதது.

குறியல்ல.
தமிழ்.
புள்ளி வைக்காத பழைய கை,
காலும் ரகரமும் ஒன்றுபோல,
ஏகாரமும் எகரமும் ஒன்றுபோல:

செபபுககுடம ரணடும பெறறுககொணடென
சினனாசி

புள்ளிகளை மனதுக்குள்தான் வைத்தேன்,
பென்சிலை மேசையில் கிடத்திவிட்டு.
சின்னாசி.
காலை ரகரமாக வாசித்தால் சின்னரசி.
இவளுக்கும் இரண்டு பெயர் ஆயிற்று, நல்லது.

பெற்றுக்கொண்டேன் என்கிறாள்.
குடத்தைத்தான் சொல்கிறாள், தெரியும்.
பிள்ளைகளுக்கு யாரும் அவளிடம்
கையொப்பம் கேட்கவில்லை.

என்ன எழுதியிருக்கு என்று நயோமி கேட்டாள்.
என் ஓட்டைச் சிங்களத்தில் சொன்னேன்.
இரண்டு தரம் தலையாட்டினாள்.
அட்டவணையைத் திருத்த விண்ணப்பம் வேண்டும்,
மூன்று பிரதி,
அதிகாரி செவ்வாய்க்கிழமைதான் வருவார் என்றாள்.

இரவு ஜெறோமுக்குச் சொன்னேன்.
வெள்ளைக்காரனுடைய கடதாசி ஒன்றும் இல்லையா என்றான்.
இருக்கிறது, எல்லாம் கடன் என்றேன்.
கொஞ்ச நேரம் கம்பியில் இரைச்சல் மட்டும்.
பிறகு,
அந்தக் குடம் ரெண்டும் இப்ப ஆரிட்ட
என்று கேட்டான்.